தனிச்சட்டி

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைத் துறையில் இருந்தவன் நான். அரசியல், போர், பேச்சுவார்த்தை, தேர்தல் என்று எழுதித் தள்ளிய அந்தக் காலத்தில் உப்பைப் பற்றியும் பலமுறை எழுதியிருக்கிறேன். 1990 இல் போரினால் ஆனையிறவு உப்பளம் செயலிழந்தபோது எழுதினேன். ஓய்வு பெற்ற பின்னரும் அந்தப் பழக்கம் விடவில்லை. 2025 இல் ஆனையிறவில் உப்புத் தொழிற்சாலை திறந்துவைக்கப்பட்டு, அந்த உப்புக்குச் சூட்டப்பட்ட சிங்களப் பெயர் குறித்துச் சர்ச்சை எழுந்தபோது நண்பர்களுடன் மணிக்கணக்காக வாதாடினேன். அதே ஆண்டில் மழையினால் உப்பு விளைச்சல் கெட்டு, நாற்புறமும் கடல் சூழ்ந்த இந்நாடு இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்த வேடிக்கையையும் கண்டேன்.

இத்தனைக்கும் பிறகு யோசித்துப் பார்த்தால், உப்பு கிடைக்கவில்லை என்று எழுதிய நான், நமது உணவில் உப்பு மிகுந்துவிட்டது என்று ஒரு வரிகூட எழுதியதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தப் பத்தி. பேசப்போகும் பொருள் மீன் உருண்டை. மூத்த பத்திரிகையாளனுக்கு ஏன் இந்த வேலை என்று சிலர் கேட்கக்கூடும். முழுவதையும் வாசித்துவிட்டுக் கேட்கும்படி அவர்களைத் தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் என் மனைவியின் சிறுநீரகங்கள் தளர்ந்துவிட்டன என்று வைத்தியர் சொன்னார். குருதியமுக்கம் ஏற்கனவே இருந்தது. “உப்பைக் குறையுங்கள்” என்றார். இரண்டு சொற்கள்தான். எங்கே குறைப்பது, எப்படிக் குறைப்பது என்று சொல்ல அவருக்கு நேரமில்லை. வெளியே ஐம்பது பேர் காத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ஒரு முடிவெடுத்தார். எனக்கும் வந்துபோகும் விருந்தினர்களுக்கும் வழக்கம்போல ஒரு சட்டி. தமக்கு மட்டும் உப்பில்லாமல் சிறியதொரு சட்டி. நானும் அதை மறுக்கவில்லை. மறுக்கவேண்டும் என்ற எண்ணம்கூட எனக்குத் தோன்றவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். ஐம்பது ஆண்டுகள் ஒரே சட்டியில் உண்டவர்கள், ஒரே மேசையில் இரண்டு சட்டிகளை வைத்து உண்ணத் தொடங்கினோம். அவருடைய சட்டி எப்போதும் மிஞ்சியது. ஆள் மெலிந்துகொண்டே போனார்.

கனடாவில் இருக்கும் மகன், செய்தி கேட்டுப் பதறி, ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று பெயர் போட்ட பொதிகளை வாங்கி அனுப்பினான். அன்பினால் செய்த காரியம். நாங்களும் மகிழ்ந்து பாவித்தோம். இரண்டு மாதங்களின் பின் எடுத்த இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ஏறியிருந்தது. “என்ன உப்புப் போடுகிறீர்கள்?” என்று வைத்தியர் கேட்டபோதுதான் விடயம் வெளியே வந்தது. அந்தப் பொதியில் சோடியம் குளோரைட்டின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைட்டு சேர்க்கப்பட்டிருந்தது. நல்ல சிறுநீரகம் மேலதிகப் பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும். தளர்ந்த சிறுநீரகத்தால் அது முடியாது. தேங்கிய பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைத்துவிடக்கூடியது.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். பொட்டாசியம் கலந்த உப்பு எல்லோருக்கும் தீயது என்று நான் சொல்ல வரவில்லை. சீனாவில் 600 கிராமங்களில், ஏறக்குறைய 21,000 பேரை வைத்து ஐந்து ஆண்டுகளளவில் நடத்திய ஆய்வொன்றின் முடிவு 2021 இல் வெளியானது. அத்தகைய உப்பைப் பாவித்தவர்களிடையே பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. 2025 இல் உலக சுகாதார நிறுவனம் இந்த உப்பைப் பரிந்துரைத்தபோதும், சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் சிறுவர்களையும் அப்பரிந்துரையிலிருந்து விலக்கியே வைத்தது. வட மத்திய மாகாணத்தில் காரணம் துலங்காத சிறுநீரக நோயோடு 1990 களிலிருந்து போராடிவரும் நாடு இது. இங்கே அந்தப் பொதியை வாங்குமுன் வைத்தியரைக் கேட்பது அவசியம். வெளிநாட்டுப் பிள்ளைகள் பெற்றோருக்கு அனுப்புமுன் கேட்பது அதைவிட அவசியம்.

இனி மீன் உருண்டைக்கு வருகிறேன்.

சென்ற ஆண்டு விடுமுறைக்கு மகன் குடும்பத்தோடு வந்தான். பேத்திக்குப் பத்து வயது. ஸ்காபரோவில் அவர்கள் வீட்டுக்கு அருகே சீனர்களின் பேரங்காடிகள் பல உண்டு. அங்கே வாங்கும் மீன் உருண்டையும் நூடில்சும் போட்ட சூப்தான் அவளுக்கு உயிர். கொழும்பிலும் அது உறைநிலைப் பொதியாகக் கிடைக்கிறது. வாங்கி வந்து சமைத்தார்கள். குழந்தை ஓர் உருண்டையைக் கரண்டியில் எடுத்து, “அப்பம்மா, ஆ காட்டுங்கோ” என்று நீட்டினாள். என் மனைவி வாயைத் திறக்கவில்லை. “எனக்கு வேண்டாம் ராசாத்தி, நீங்கள் சாப்பிடுங்கோ” என்றார். குழந்தையின் முகம் வாடியது. தன் உணவை அப்பம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று அது நினைத்துக்கொண்டது.

அன்றிரவு எல்லோரும் உறங்கிய பின், குப்பைக்கூடையிலிருந்து அந்தப் பொதியை எடுத்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அச்சுப்படி திருத்துபவனைப் போல ஒவ்வோர் எழுத்தாக வாசித்தேன். 100 கிராமில் 720 மில்லிகிராம் சோடியம் என்றிருந்தது. 100 கிராம் என்பது ஐந்து உருண்டைகள். ஒரு வளர்ந்தவர் நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குக் குறைவாகவே உட்கொள்ளவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்புக் கணக்கில் அது 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ஐந்து உருண்டைகளிலேயே மூன்றிலொரு பங்குக்கு மேல் முடிந்துவிடுகிறது. சூப்புத் தூளையும் சோயா சோஸையும் நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு மேசைக்கரண்டி சோயா சோஸில் மட்டும் ஏறக்குறைய 900 மில்லிகிராம் உண்டு. உலக மக்கள் சராசரியாக நாளொன்றுக்கு 10.8 கிராம் உப்பு உண்கிறார்கள் என்று 2023 இல் அந்நிறுவனம் கூறியதில் வியப்பில்லை.

அப்பம்மாவுக்காக மட்டுமல்ல, பத்து வயதுக் குழந்தைக்காகவும் அன்று நான் கவலைப்பட்டேன்.

மறுநாள் நானே செய்வதென்று தீர்மானித்தேன். அதுவரை நான் குசினிக்குள் தேநீர் போடுவதற்கு அப்பால் சென்றதில்லை. மீன் உருண்டை தென் சீனக் கரையோர மக்களின் உணவு. அங்கிருந்து கப்பலேறியவர்களோடு சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வந்து சேர்ந்தது. பச்சை மீனின் தசையைக் கரண்டியால் வழித்தெடுத்து, உப்பு நீர் சேர்த்துக் கையால் பிசைந்து, பாத்திரத்தில் மீண்டும் மீண்டும் அடித்து உருட்டுவதே பழைய முறை. மாவைச் சேர்த்துப் பெருக்குவது வியாபார முறை.

உப்பு அதில் சுவைக்காக மட்டும் சேர்க்கப்படுவதில்லை என்பதுதான் இங்கே சிக்கல். மீன் தசையிலுள்ள மயோசின் என்ற புரதம் வெறும் நீரில் இலகுவில் கரையாது. 2 முதல் 3 சதவீதம் உப்புச் சேர்த்துப் பிசையும்போது அது கரைந்து பசையாகிறது. வெந்ததும் அந்தப் பசை வலைபோலப் பின்னிக்கொள்வதால்தான் உருண்டைக்குத் துள்ளும் தன்மை வருகிறது. ஆகவே உப்பை எடுத்துவிட்டால் சுவையோடு உருண்டையும் உதிர்ந்துபோகும். வியாபாரி உப்பை அள்ளிப் போடுவது வஞ்சகத்தால் மட்டுமல்ல என்று அறிந்தபோது எனக்கு அவர்மீதிருந்த கோபம் பாதி தணிந்தது.

என் முதல் முயற்சி படுதோல்வி. உப்புக்குப் பதிலாகச் சுவை தரட்டும் என்று தேசிப்புளியை முதலிலேயே பிழிந்துவிட்டேன். புளி பட்டதும் புரதம் வெளுத்துத் திரண்டுவிட்டது. அரைக்கும் இயந்திரம் சூடேறியதில் மீதியும் கெட்டது. கொதிநீரில் இட்டதும் உருண்டைகள் கரைந்து கஞ்சியாகின. அதை வடித்துத் தின்ற பூனை மட்டும் என்னைப் பாராட்டியது.

நான்காவது முறை கைகூடியது. அதன் விபரத்தைச் சொல்கிறேன்.

மீன் அன்று பிடித்ததாக இருக்கவேண்டும். பலநாள் உறைந்த மீனில் புரதம் ஏற்கனவே கெட்டிருப்பதால் பசை வராது. அறக்குளாவுக்குக் கொடுக்கும் விலையைக் கொடுக்கவேண்டியதில்லை. முள் நிறைந்தது என்று நம்மவர்கள் ஒதுக்கும் முள்ளுவாளையே இதற்குச் சிறந்தது. சிங்கப்பூரில் ‘ஈக்கான் பாராங்’ என்று மலாய்ப் பெயரால் அழைத்து உருண்டைக்கென்றே தேடி வாங்கும் மீன் அதுதான். பாராங் என்றால் வெட்டுக்கத்தி. நமது வாளையும் வாளைத்தான் நினைவூட்டுகிறது. கிடைக்காவிட்டால் சீலாவோ பாரையோ போதும். வாலிலிருந்து தலைப்பக்கமாகக் கரண்டியால் வழித்தால் தசை வரும், முள் தங்கிவிடும். அப்படி எடுத்த தசை 500 கிராம்.

அதை ஐஸ் நீரில் ஒருமுறை அலசி, துணியில் இறுகப் பிழிந்து, அரைமணி நேரம் குளிரூட்டியில் வைக்கவேண்டும். பாத்திரத்தையும் கூடவே வைத்துவிடுங்கள். பிசைந்து முடியும்வரை தசை 10 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறக்கூடாது என்பதே இதன் முதல் விதி. பின்னர் கால் தேக்கரண்டி உப்பை மட்டும் இரண்டு மேசைக்கரண்டி ஐஸ் நீரில் கரைத்துச் சிறிது சிறிதாக விட்டு, ஒரே திசையில் பிசையவேண்டும். குறைந்த உப்பின் குறையைக் கைதான் நிரப்பவேண்டும். வழக்கமாகப் பத்து நிமிடம் என்றால் இங்கே இருபது நிமிடம். கட்டியைத் தூக்கிப் பாத்திரத்தில் ஓங்கி அடிக்கவும் வேண்டும். பசை கையில் ஒட்டி இழுபடத் தொடங்கியதும் ஒரு முட்டையின் வெள்ளைக்கருவையும் இரண்டு மேசைக்கரண்டி மரவள்ளி மாவையும் சேருங்கள். உப்பினால் வரவேண்டிய பிடிப்பில் ஒரு பகுதியை இவை தருகின்றன. வெண்மிளகுத் தூள், துருவிய இஞ்சி, பொடியாக அரிந்த வெங்காயத்தாள், தேசிக்காயின் பச்சைத் தோலைச் சீவியது ஆகியவற்றைக் கடைசியில் சேர்க்கலாம். தோல்தான். சாறு அல்ல.

ஈரக்கையால் உருட்டி, கைபொறுக்கும் இளஞ்சூட்டு நீரில், அதாவது 40 பாகையளவில், அரைமணி நேரம் ஊறவிடவேண்டும். வலை பின்னத் தொடங்குவது அந்தச் சூட்டில்தான். பின்னர் நீரை மெல்லச் சூடாக்காமல், வேறு பாத்திரத்தில் தயாராக இருக்கும் கொதிநிலைக்குச் சற்றுக் குறைந்த நீருக்கு உருண்டைகளை மாற்றுங்கள். 60 பாகையை அண்டிய சூட்டில் அதிக நேரம் தங்கினால் மீனிலுள்ள நொதியங்களே அந்த வலையை அறுத்துவிடும். உருண்டைகள் மேலே மிதந்து இரண்டொரு நிமிடத்தில் எடுத்துவிடலாம். இந்த அளவுக்கு முப்பது உருண்டைகள் வரும்.

கணக்கையும் தருகிறேன். பச்சை மீனில் இயற்கையாகவே 100 கிராமுக்கு 50 முதல் 100 மில்லிகிராம் வரை சோடியம் உண்டு. 500 கிராமுக்கு ஏறக்குறைய 375 என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைக்கருவில் 55. கால் தேக்கரண்டி உப்பில் 600. மொத்தம் ஆயிரத்துச் சொச்சம். அதை முப்பதால் பிரித்தால் உருண்டை ஒன்றுக்கு 35 மில்லிகிராமுக்குக் கிட்ட. ஐந்து உருண்டைகளுக்கு 175. கடைப் பொதியின் 720 எங்கே, இது எங்கே? உப்பே சேர்க்காவிட்டால் ஐந்துக்கும் எழுபதளவில்தான் வரும். ஆனால் உருண்டை சற்று மென்மையாக இருக்கும்.

இறால் சேர்க்க விரும்புவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். உறையவைத்து வரும் இறாலில் நீரைத் தக்கவைப்பதற்காகச் சோடியம் பொஸ்பேற்றுச் சேர்ப்பதுண்டு. அப்போது அதன் சோடியம் பச்சை இறாலினதைப் போலப் பல மடங்காகிவிடும். சிறுநீரக நோயாளிக்குப் பொஸ்பேற்றும் ஆகாது. நண்டுத் தசையிலோ இயற்கையாகவே உப்பு அதிகம். மாசித்தூளும் கருவாடும் இந்தக் கணக்கில் உப்புப் பொதிகளே. மீன் எவ்வளவு உண்ணலாம் என்பதையும் சிறுநீரக நோயாளிகள் வைத்தியரிடம் கேட்டே தீர்மானிக்கவேண்டும். அவர்களுக்குப் புரதத்திலும் அளவு உண்டு.

சூப்புக்கு நான் தூள் எதையும் தேடவில்லை. நமது சொதி இருக்கிறதே! மீன் முள்ளையும் தலையையும் அவித்த நீரில் வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை இட்டு, இரண்டாம் பால் விட்டு, உருண்டைகளைப் போட்டு இறக்கி, இறக்கிய பின் தேசிப்புளி விட்டேன். புளி உப்பின் வேலையில் பாதியைச் செய்கிறது என்பதை எழுபது வயதுக்குப் பிறகுதான் அறிந்தேன்.

அன்று மேசையில் ஒரே சட்டி இருந்தது. பேத்தி ஓர் உருண்டையை நீட்டினாள். அப்பம்மா வாயைத் திறந்தார். மென்று விழுங்கிவிட்டு என்னைப் பார்த்து, “இஞ்சாருங்கோ, தேசிப்புளி இன்னும் கொஞ்சம் விட்டிருக்கலாம்” என்றார். நோய் வந்த நாளிலிருந்து அவர் எந்த உணவையும் குறை சொன்னதில்லை. குறை சொல்லுமளவுக்கு எதையும் ருசித்து உண்டதில்லை. அந்தக் குறையைக் கேட்டு நான் எவ்வளவு மகிழ்ந்தேன் என்பதை எழுத எனக்குத் தெரியவில்லை.

இந்த அனுபவத்திலிருந்து நான் சொல்ல விரும்பும் கருத்து ஒன்றே. நோயாளிக்குத் தனிச்சட்டி வைக்காதீர்கள். வைத்தியம் என்ற பெயரில் நாம் அவருக்கு விதிக்கும் தண்டனை அது. வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் அந்த உப்பு வேண்டியதில்லை. இன்று அவருக்கு வந்தது நாளை நமக்கு வரும். வீடு முழுவதும் ஒரு சட்டிக்கு மாறினால் நோயாளிக்குத் துணை கிடைக்கிறது, மற்றவர்களுக்குத் தற்காப்புக் கிடைக்கிறது.

‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்று நம்மவர்கள் உடனே பழமொழியோடு வருவார்கள். பழமொழி உப்பில்லாததைத்தான் சொல்கிறது, உப்புக் குறைந்ததை அல்ல. வள்ளுவர் காமத்துப்பாலில் ஊடலை உணவின் உப்புக்கு ஒப்பிட்டு, அளவோடு இருந்தால் சுவை, சிறிது மிகுந்தாலும் கேடு என்ற பொருள்பட உரைத்திருக்கிறார். அளவறிந்து உப்பிடுவது நமக்குப் புதிய பாடமல்ல. நாக்கும் பழக்கத்துக்கு அடிமைதான். எனக்கு முதல் இரண்டு வாரம் எதுவும் ருசிக்கவில்லை. ஆறாவது வாரத்தில் உணவகத்துக் கறி கரித்தது.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவியின் நோய்க்கு மருந்துச்சீட்டை எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்கு ஓடுவது மட்டும் கடமை என்று நினைத்திருந்தவன் நான். உப்பின் சாவி குசினியில் இருக்கிறது. நோயுற்றவரையே அடுப்படியில் நிறுத்தி, தமக்கொரு சட்டியும் நமக்கொரு சட்டியும் சமைக்க வைப்பது எந்த ஊர் நியாயம்?

அரசாங்கத்தைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் பத்திரிகையாளன் என்ற பெயர் எதற்கு? பொதி செய்த உணவுகளில் சீனி, உப்பு, கொழுப்பு ஆகியவற்றின் அளவை நிறக்குறியீடுகளால் காட்டவேண்டும் என்ற ஒழுங்குவிதி இலங்கையில் 2019 இல் வந்தது. வரவேற்கத்தக்கது. ஆனால் நமது மக்கள் அன்றாடம் உண்ணும் கட்லட், ரோல்ஸ், கொத்து ரொட்டி, கடைச் சோற்றுப் பொதி ஆகியவற்றுக்கு எந்த நிறமும் இல்லை. வைத்தியசாலைச் சிற்றுண்டிச்சாலைகளிலாவது உப்புக் குறைந்த உணவொன்றை வைக்கச் சொல்வது பெரிய காரியமல்ல. ‘உப்பைக் குறையுங்கள்’ என்ற இரண்டு சொற்களுக்குப் பின்னால், எப்படி என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய ஒரு துண்டுத்தாளைக் கையில் கொடுப்பதும் பெரிய செலவல்ல.

அது வரும்வரை அவரவர் வீட்டு அடுப்பை அவரவர்தான் பார்த்துக்கொள்ளவேண்டும். ரொறன்ரோவிலோ லண்டனிலோ சிட்னியிலோ இருந்து இதை வாசிப்பவர்கள், ஊரிலுள்ள தாய் தந்தையரோடு அடுத்த முறை பேசும்போது, “சாப்பிட்டீர்களா?” என்ற வழக்கமான கேள்வியோடு நிறுத்திவிடாதீர்கள். எந்தச் சட்டியில் சாப்பிட்டீர்கள் என்றும் கேளுங்கள்.